சீதக்காதி: ஒரு பெயரின் வரலாறு

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பது தமிழ் வழங்கும் இடமெல்லாம் வழங்கும் முதுமொழி. பள்ளிப் பிள்ளை முதல் பழுத்த கிழவர் வரை இதனை அறியாதார் இலர். சாதி, சமய வேறுபாடின்றி மக்கள் நாவில் இம்மொழி பயில்கிறது. ஆயினும், இம்முதுமொழியில் வரும் ‘சீதக்காதி’ என்னும் சொல் எம்மொழிச் சொல், அதன் பொருள் யாது என்று வினவின் விடை கூறுவோர் மிகச் சிலரே. கர்ணன், பாரி, காரி என்னும் வள்ளல்களின் வரிசையில் வைத்து எண்ணப்படும் இப்பெயரை இன்று தம் மைந்தர்க்குச் சூட்டுவோரைக் காண்பது அரிது. புகழால் பெரிதும் பரந்து, வழக்கால் பெரிதும் அருகிப்போன பெயர் இது.

ஒரு பெயரை ஆராய்வதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பெயர் என்பது மனிதனை அழைக்கும் ஒலி மட்டுமன்று. அஃது எங்கிருந்து புறப்பட்டது, எவ்வழி வந்தது, எந்த நாவில் பயின்று எவ்வுருக் கொண்டது என்பன எல்லாம் அதனுள் பதிந்து கிடக்கின்றன. சீதக்காதி என்னும் பெயர் அத்தகையதொரு பதிவேடாகும். அதனை ஒருமுறை விரித்துப் பார்ப்போம்.

பெயருக்கு உரியவர்

இராமநாதபுர மாவட்டத்துக் கீழக்கரை, பழம்பெரும் கடற்றுறைகளுள் ஒன்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த பெருவணிகர் பெரியதம்பி மரைக்காயர். அவரையே சீதக்காதி வள்ளல் என்று தமிழகம் போற்றுகிறது. சேது நாட்டை 1710ஆம் ஆண்டு வரை ஆண்ட கிழவன் சேதுபதி என்னும் இரகுநாத சேதுபதியின் உற்ற நண்பராக அவர் விளங்கினார். போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்குத் தலைநகரை மாற்றியவர் இந்தச் சேதுபதியே. சேதுபதிகளுக்குரிய ‘விசய ரகுநாத’ என்னும் அடைமொழியைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கும் சிறப்பும் மரைக்காயருக்கு வாய்த்தது.

1658ஆம் ஆண்டு போர்த்துக்கேசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் தம் பிடிக்குள் கொண்டுவர முயன்ற காலம் அது. அவர்தம் கம்பெனி ஆவணங்களிலும் பெரியதம்பி மரைக்காயரின் பெயர் இடம்பெற்றிருப்பதை வரலாற்று அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. வணிக ஆவணம் ‘பெரியதம்பி’ என்கிறது. புலவர் பாட்டும் மக்கள் நாவும் ‘சீதக்காதி’ என்கின்றன. முன்னது ஊரும் உறவும் இட்டு வழங்கிய பெயர். பின்னது பெற்றோர் இட்ட பெயரின் தமிழ் உருவம்.

பெயரின் மூலம்

சீதக்காதி என்பதன் மூலம் ‘ஷெய்கு அப்துல் காதிர்’ என்னும் அரபுப் பெயர் என்பதே அறிஞர் பெரும்பாலோர் ஏற்ற முடிபு. இதனை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

‘ஷெய்கு’ என்பதற்கு முதியவர் என்பது முதற்பொருள். வயதால் மூத்தவரைக் குறித்த இச்சொல், பின்னர் அறிவாலும் ஆன்மிகத்தாலும் மூத்தோரைக் குறிப்பதாயிற்று. ‘அப்து’ என்பதற்கு அடிமை, அடியான் என்பன பொருள். ‘அல்காதிர்’ என்பது ஆற்றல் உடையவன் எனப் பொருள்படும் இறைத் திருநாமம்.

காதிர் என்னும் சொல்லின் வேர் காஃப், தால், ரா என்னும் மூன்று எழுத்துகள். ஆற்றல் என்னும் பொருளும் அளவு என்னும் பொருளும் இவ்வேரில் இணைந்து நிற்கின்றன. ‘குத்ரத்’ என்பது ஆற்றல். ‘மிக்தார்’ என்பது அளவு. ‘தக்தீர்’ என்பது அளந்து விதித்தல். ரமளானின் மாண்புமிக்க இரவாகிய ‘லைலத்துல் கத்ரு’ என்பதும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. எனவே, காதிர் என்பதற்கு வெறும் வலிமையாளன் என்று பொருள் கொள்வது போதாது. எவருக்கு எதை எவ்வளவு அளிப்பது என்று அளந்து செய்யும் ஆற்றல் உடையவன் என்னும் நுண்பொருளும் அதன்கண் உண்டு. அப்துல் காதிர் எனின், அத்தகைய ஆற்றலாளனின் அடியான் என்பதாம்.

‘ஷெய்கு’ என்பது பட்டமாயிற்றே, குழந்தைக்கு எங்ஙனம் பட்டத்தோடு பெயரிட்டனர் என்னும் ஐயம் எழக்கூடும். அதற்கு விடை காண நாம் பக்தாதுக்குச் செல்ல வேண்டும்.

பக்தாதிலிருந்து கீழக்கரைக்கு

பாரசீகத்தின் ஜீலான் பகுதியில் ஹிஜ்ரி 470ஆம் ஆண்டு (கி.பி. 1077-78) பிறந்து, பக்தாதில் பயின்று, அங்கேயே அறவுரை ஆற்றி, ஹிஜ்ரி 561ஆம் ஆண்டு (கி.பி. 1166) மறைந்தவர் ஷெய்கு அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள். அவர்தம் பெயரால் அமைந்த காதிரிய்யா ஞானநெறி மொராக்கோ முதல் இந்தோனேசியத் தீவுகள் வரை பரவிற்று. ‘முஹ்யித்தீன்’, அதாவது மார்க்கத்திற்கு உயிரூட்டியவர், என்பது அவரது சிறப்புப் பெயர். தமிழக முஸ்லிம்களிடையே மைதீன், மொய்தீன், முகையதீன் எனப் பலவாறு வழங்கும் பெயர்கள் யாவும் இச்சிறப்புப் பெயரின் திரிபுகளே.

அப்பெரியார் மீது கொண்ட அன்பினால் பிள்ளைகளுக்குப் பெயரிட்டோர், ‘அப்துல் காதிர்’ என்று மட்டும் இடாது, அவர் பெயர் வழங்கிய முறையிலேயே ‘ஷெய்கு அப்துல் காதிர்’ என்று முழுமையாக இட்டனர். ஆதலால், பட்டம் பெயரின் உறுப்பாயிற்று. நாகூரில் அடங்கியிருக்கும் 16ஆம் நூற்றாண்டுப் பெரியார் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் இயற்பெயரிலும் அப்துல் காதிர் என்பது உண்டு. ‘காதிர் வலி’ என்று அவர் அழைக்கப்பெறுவது அதனாலேயே. பக்தாதுப் பெரியாரின் பெயரும் நாகூர்ப் பெரியாரின் பெயரும் ஒன்றாய் இருந்தமை, சோழமண்டலக் கரையிலும் பாண்டிக் கரையிலும் இப்பெயர் வீட்டுக்கு வீடு பரவத் துணைசெய்தது எனலாம்.

ஒலி மாறிய வழி

‘ஷெய்கு அப்துல் காதிர்’ என்பது ‘சீதக்காதி’ ஆனது எங்ஙனம்? இஃது ஏதோ கல்லாதார் வாயில் சிதைந்து போனது என்று தள்ளிவிடுவார் உளர். அங்ஙனம் தள்ளுதல் தகாது. இம்மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் தமிழின் ஒலி இயல்பு செயற்படுவதை நாம் காணலாம்.

முதலாவது, ‘ஷ’கரம் சகரமாகும். ‘ஷெய்கு’ என்பது ‘செய்கு’ ஆதல் நாம் நன்கறிந்ததே. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் (1874-1950) பெயரில் அவ்வடிவமே நின்று விளங்குகிறது.

இரண்டாவது, ‘அப்து’ என்பதிலுள்ள ‘ப்த’ என்னும் கூட்டு தமிழ் நாவுக்கு இயல்பானதன்று. ‘சப்தம்’ என்பது தமிழில் ‘சத்தம்’ ஆயிற்று. பகரம் மறையத் தகரம் நின்றது. அம்முறையே ‘அப்து’ என்பதிலும் பகரம் கெட்டுத் தகரம் எஞ்சிற்று.

மூன்றாவது, ‘அல்’ என்பதன் லகரம். அரபு மொழியில் இந்த லாம் சில எழுத்துகளின் முன் தன் ஒலியை இழந்து, அடுத்த எழுத்தை இரட்டிக்கச் செய்யும். ‘அப்துர் ரஹ்மான்’ என்பதில் நிகழ்வது அதுவே. காஃப் என்னும் எழுத்தின் முன் அங்ஙனம் நிகழாது. லகரம் தெளிவாக ஒலிக்கும். தமிழ் நாவோ இங்கும் லகரத்தை விடுத்துக் ககரத்தை இரட்டித்துக் கொண்டது. ‘த-க்-காதி’ என்பதில் ஒலிக்கும் ககர மெய், மறைந்துபோன லகரத்தின் அடையாளமாகும்.

நான்காவது, ஈற்று ரகரம். ‘நயினார்’ என்பது பேச்சில் ‘நயினா’ ஆகிறது. ‘காதிர்’ என்பது ‘காதி’ ஆனதும் அவ்வகையினதே.

இங்ஙனம் உருவான இடைப்பட்ட வடிவமே ‘செய்தக்காதி’ என்பது. இது நம் கற்பனையன்று. வள்ளலைப் பாடிய நொண்டி நாடகமும், உமறுப் புலவர் பாடியதாக வழங்கும் திருமண வாழ்த்தும் ‘செய்தக்காதி’ என்றும் ‘சீதக்காதி’ என்றும் இரு வடிவங்களாலும் குறிக்கப்படுகின்றன. மூலத்திற்கும் முடிவான உருவத்திற்கும் இடையே நிற்கும் பாலம் அது.

‘செய்’ என்பது ‘சீ’ என்றானதற்கு வேறொரு காரணமும் துணைநின்றிருக்கலாம். ‘சீதம்’ என்பது குளிர்ச்சியைக் குறித்துத் தமிழில் பயின்ற வடசொல். வந்தோர்க்கெல்லாம் நிழலாகத் திகழ்ந்த வள்ளலின் பெயர், குளிர்ச்சி தரும் அச்சொல்லின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆயினும், பெயரின் வேர் சீதம் என்னும் சொல்லே என்று கொள்வது பொருந்தாது. ‘காதி’ என்னும் பிற்பகுதிக்கு அவ்விளக்கம் பொருள் தருவதில்லை. ‘செய்தக்காதி’ என்னும் வடிவமும் அதனை மறுக்கிறது.

முற்பகுதி ‘ஷெய்கு’ அன்று, ‘செய்யிது’ என்று கொள்வாரும் உளர். அவர் கூற்றுப்படி மூலம் ‘செய்யிது அப்துல் காதிர்’ ஆகும். ஷெய்கின் ககரம் மறைந்தது எங்ஙனம் என்னும் வினா இவ்விளக்கத்தில் எழாது என்பது உண்மையே. எனினும், பக்தாதுப் பெரியாரின் பெயர் ‘ஷெய்கு’ என்னும் சொல்லோடு சேர்ந்தே நம் மக்களிடம் பயின்றது என்பதும், விரைந்து அழைக்கும்போது நடுவில் நிற்கும் ககரம் தேய்ந்து மறைதல் இயல்பு என்பதும் முன்னைய கருத்துக்கு வலுவூட்டுகின்றன. எவ்வாறு கொள்ளினும், பெயரின் உயிர்நிலை ‘அப்துல் காதிர்’ என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

ஓர் எழுத்தில் நிற்கும் அடிமை

இவ்விடத்தில் நாம் ஊன்றிக் கருதவேண்டியது ஒன்றுண்டு. இன்று நம்மிடையே ‘காதர்’ என்று அழைக்கப்படுவோர் பலர். ‘அப்துல் காதிர்’ என்பதன் முற்பகுதியைக் களைந்துவிட்டு, பிற்பகுதியை மட்டும் அழைக்கும் வழக்கம் இது. இதனால் அடியான் மறைந்து, ஆண்டவனின் திருநாமம் மட்டும் எஞ்சுகிறது. பெயரின் பொருளே தலைகீழாகிறது.

‘சீதக்காதி’யிலோ அவ்வாறு நிகழவில்லை. இத்தனை மாற்றங்களுக்கு ஆட்பட்ட பிறகும், நடுவே ஒரு தகரம் நிற்கிறது. அதுவே ‘அப்து’வின் எச்சம். அடியான் என்னும் பொருள் அந்த ஓர் எழுத்தில் தங்கி நிற்கிறது. எல்லாம் தேய்ந்தும் அடிமை தேயவில்லை!

இவ்வாறு சொல்வதன் அருமை, அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் விளங்கும். பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியாவைக் கைப்பற்ற முனைந்தபோது, 1832 முதல் 1847 வரை அவர்களை எதிர்த்து நின்ற மாவீரர் அமீர் அப்துல் காதிர் (1808-1883). அவரும் காதிரிய்யா நெறிக் குடும்பத்தில் பிறந்தவரே. தந்தையின் பெயர் முஹ்யித்தீன், மைந்தனின் பெயர் அப்துல் காதிர்; இரண்டும் பக்தாதுப் பெரியாரின் பெயர்களே என்பது காண்க. அமீரின் வீரத்தைக் கேள்வியுற்ற அமெரிக்கர், அயோவா மாநிலத்தில் 1846ஆம் ஆண்டு தாம் அமைத்த ஊர் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டனர். இன்றும் அவ்வூர் ‘எல்காதர்’ என்றே வழங்குகிறது. அங்கு ‘அப்து’ அறவே மறைந்துவிட்டது. ‘அல்’ என்னும் சுட்டு நிற்கிறது, ‘காதிர்’ நிற்கிறது, அடியானைக் காணோம். ஒரே பெயரை ஆங்கில நாவும் தமிழ் நாவும் கையாண்ட வகையில் உள்ள வேறுபாடு இது.

அயற்சொல்லும் தமிழ் மரபும்

அயல்மொழிப் பெயரைத் தன் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்வது தமிழின் குறையன்று. மொழிகள் அனைத்துக்கும் உள்ள இயல்பு. மருத்துவ மேதை இப்னு ஸீனாவை மேலைநாட்டார் ‘அவிசென்னா’ என்றனர். மெய்யியல் மேதை இப்னு ருஷ்தை ‘அவெரோயிஸ்’ என்றனர். வடசொற்களைத் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த வழங்குக என்பது தொல்காப்பியம் காட்டிய நெறி. அந்நெறியையே அரபுச் சொற்களுக்கும் நம் முன்னோர் பொருத்தினர்.

அவர்கள் அரபு அறியாதவர்களா? அல்லர். கீழக்கரையும் காயல்பட்டினமும் அரபுக் கல்வியின் நிலைக்களங்கள். சீதக்காதியின் காலத்திலேயே ஸதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற பேரறிஞர்கள் அரபு மொழியில் நூலியற்றும் வல்லமையோடு விளங்கினர். தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் முறையும் நம்மிடையே வளர்ந்தது. அரபு எழுத்தில் எழுதும்போது பெயரின் மூல வடிவத்தைக் காத்தனர். தமிழில் வழங்கும்போது தமிழ் வடிவத்தை ஏற்றனர். இரண்டும் ஒருவர்க்கே உரியன என்பதில் அவர்களுக்கு ஐயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

ஒரு பெயர், பல புகழ்

இப்பெயருக்கும் தமிழ் இலக்கியத்திற்கும் உள்ள தொடர்பு வியப்புக்குரியது. உமறுப் புலவர் 5027 பாடல்களால் சீறாப்புராணம் பாடத் தூண்டுகோலாக அமைந்தவர் சீதக்காதி வள்ளல் என்பது வழிவழி வரும் செய்தி. காப்பியம் முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்தார் என்றும், பரங்கிப்பேட்டை அபுல் காசீம் மரைக்காயர் அதன் பின் புரவலரானார் என்றும் கூறுவர். காப்பியத்துள் புகழப்படுபவர் அபுல் காசீம் மரைக்காயரே.

அக்காப்பியம் ஏட்டுச்சுவடியிலேயே நெடுங்காலம் இருந்து, 1842ஆம் ஆண்டில் அச்சேறியது. அதனைப் பதிப்பித்த பெரும்புலவரின் பெயர் யாது? ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம்! புலவர் நாயகம் என்றும் சேகனாப் புலவர் என்றும் போற்றப்பட்டவர் அவர். பக்தாதுப் பெரியாரின் வரலாற்றைக் ‘குத்பு நாயகம்’ என்னும் காப்பியமாகப் பாடியவரும் அவரே. சீறாவைத் தொடங்கச் செய்தவரும் ஒரு ஷெய்கு அப்துல் காதிர். அதனை அச்சில் நிலைபெறச் செய்தவரும் ஒரு ஷெய்கு அப்துல் காதிர். குணங்குடி மஸ்தான் சாகிபின் இயற்பெயரும் சுல்தான் அப்துல் காதிர் என்பதே.

இவர்கள் அனைவரும் மூல வடிவத்திலேயே அறியப்பட்டிருப்பின் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிதல் எளிதன்று. ஆயிரம் அப்துல் காதிர்களிடையே ஒருவரைத் தனித்துக் காட்டியது தமிழ் தந்த உருவமே. ‘சீதக்காதி’ என்றால் அவர் ஒருவர்தாம்.

பொதுச்சொத்தான பெயர்

தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவர், சீதக்காதியைப் பாடியவர்களுள் ஒருவர். புலவர்க்கும் வள்ளலுக்கும் சமயம் வேறு; ஆயினும் பெயர் புலவரின் செய்யுளில் இயல்பாக அமைந்து நின்றது. வள்ளல் மறைந்த பின் அடக்கத்தலத்திற்கு வந்து அழுத புலவர்க்கு, மண்ணிலிருந்து மோதிரக் கை நீண்டது என்னும் கதை செவிவழி வந்தது. அதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. இறந்த பின்னும் ஒருவரின் ஈகை தொடரும் என்று ஒரு சமுதாயம் முழுவதும் நம்ப விரும்பியது என்பதே அக்கதை தரும் வரலாறு.

இராமநாதபுரத்து விளையாட்டரங்கம் ‘சீதக்காதி சேதுபதி’ என்னும் இருவர் பெயரையும் இணைத்தே வழங்குகிறது. இறந்த பின்னும் நடித்துக்கொண்டிருக்கும் கலைஞன் ஒருவனின் கதையைக் கூறி 2018ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்திற்கும் ‘சீதக்காதி’ என்றே பெயர். அது முஸ்லிம் வாழ்வைப் பற்றிய படமன்று. முதுமொழியின் பொருளே அதற்குப் பெயரானது. ஓர் அரபுப் பெயர், பொருளறியாத மக்களாலும் தமக்குரியதாக எடுத்தாளப்படும் அளவுக்குத் தமிழாகிவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

இக்காலத்தில் பெயர்களைத் ‘திருத்தும்’ ஆர்வம் மிகுந்து வருகிறது. மைதீனை முஹ்யித்தீன் என்றும், அசனை ஹஸன் என்றும், இபுறாகீமை இப்ராஹீம் என்றும் எழுதுகிறோம். மூல மொழியின் சரியான ஒலியைப் பேணும் விருப்பம் பாராட்டத்தக்கதே. பொருளறிந்து பெயரிடுதலும் வேண்டற்பாலதே. ஆனால், பழைய வடிவங்களைப் பிழை என்று கருதி அழிப்பது வேறு. பாட்டனார் பத்திரத்தில் ‘சேகு காதிறு’ என்றிருக்க, பேரனார் கடவுச்சீட்டில் ‘ஷேக் அப்துல் காதர்’ என்றிருந்தால், இருவரும் ஒரே பெயரினர் என்பதைக் கொள்ளுப்பேரன் எங்ஙனம் அறிவான்? பெயர் அறுந்தால் தலைமுறைத் தொடர் அறும். பெயருள் பதிந்த வரலாறும் மறையும்.

ஆதலின், ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் தன் பழைய நிக்காஹ் பதிவேடுகளிலும் வக்புப் பத்திரங்களிலும் காணப்படும் பெயர் வடிவங்களைத் தொகுத்து, மூல வடிவத்தோடு ஒருசேரப் பதிந்து வைத்தல் நன்று. முதியோர் நாவில் வழங்கும் வடிவங்களை அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதுதல் அதனினும் நன்று. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் சிறிது பொறுமையும் போதும்.

சீதக்காதி என்னும் பெயரின் பொருள் ‘ஆற்றலாளனின் அடியான்’ என்று கண்டோம். அள்ளிக் கொடுத்தவரின் பெயரே, கொடுக்கும் ஆற்றல் தன்னுடையதன்று என்று சாற்றுகிறது. அளந்து கொடுப்பவன் அவன். தன் கை வெறும் வழி. செத்தும் கொடுத்தான் என்று உலகம் அவரைப் புகழ்கையில், கொடுத்தவன் யார் என்பதற்கான விடையை அப்பெயர் தன்னுள் ஏந்தி நிற்கிறது.